நீலக் குதிரை சூளைக்குப் போன கதை

"அந்தக் கண்றாவியையெல்லாம் உடைச்சுப் போட்டுடுங்க டீச்சர். ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பர்னபாஷ் சொன்னது இதுதான்.

அவருக்கு அறுபத்து நாலு வயது. ஹங்கேரி முழுக்கப் பேர் தெரிந்த ஓவியர். அவர் டீச்சர் என்று அழைத்த ஒர்ஷோயாவோ அவரைவிட ஐந்து வயது இளையவர்.

செப்புத் தகட்டின் மேல் வண்ணக் கண்ணாடித் தூளைத் தூவி, சூளையில் உருக்கிப் படமாக்கும் வித்தையை இந்தப் பட்டறையில்தான், இந்த டீச்சரிடம்தான் அவர் கற்றுக்கொண்டார். அன்றைக்கு வாயில் வந்த 'டீச்சர்' தலை நரைத்த பிறகும் போகவில்லை.

"எதை உடைக்கணும்?" என்றார் டீச்சர்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க கொட்டகையில கிடக்கே, அதை."

டீச்சருக்குத் தெரியாமல் என்ன? கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலத்தில் பர்னபாஷ் செய்த தகடுகள் அவை. தலைவர்களின் முகங்கள், கொடிகள், டிராக்டர் மேல் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பெண்கள். அவற்றால் அவருக்கு விருது கிடைத்தது, வீடும் கிடைத்தது. ஆட்சி கவிழ்ந்ததும் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து இங்கே தள்ளிவிட்டுப் போனவர், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் நீலக் குதிரை. ஒரே படம், உலகம் சுற்றி வந்தது. பேட்டி எடுக்க யார் வந்தாலும் "என் கலை இந்தக் குதிரையில்தான் பிறந்தது" என்று கூசாமல் சொல்லுவார் மனுஷர்.

இப்போது புடாபெஸ்டில் அவருடைய வாழ்நாள் படைப்புகளுக்கென்று பெரிய கண்காட்சி. பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் அடுத்த வாரம் இந்தப் பட்டறைக்கே வருகிறார்களாம்.

"அவங்க கண்ணுல அது பட்டா என் பேரு நாறிடும் டீச்சர். இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின பேரு!"

"அதுவும் நீங்க செஞ்சதுதானே?"

"போனா என்ன குறைஞ்சுடும்? அது இல்லைன்னு யாரு பார்க்கப் போறா? உடைச்சுடுங்க."

"சரி. உடைச்சுடலாம்" என்றார் டீச்சர். "கையில என்ன பொட்டலம்?"

பர்னபாஷ் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல் கொடுத்தார். நீலக் குதிரை.

"மூலையில லேசா பேந்திருக்கு. கண்காட்சிக்கு முன்னாடி நீங்கதான் சரிபண்ணித் தரணும். வேற யார் கையிலயும் இதைக் குடுக்க எனக்கு மனசு வராது."

டீச்சர் அதை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. சாணைச் சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது.

பேந்த ஓரத்தைத் தேய்க்கிறார் போலிருக்கிறது என்று பர்னபாஷ் காப்பியை ஊற்றிக்கொண்டார். திறப்பு விழாவில் என்ன பேசலாம் என்று யோசித்தார். சத்தம் நிற்கவே இல்லை. அவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. கம்பி வலைமேல் படத்தை மல்லாத்தி வைத்து ஏந்திக்கொண்டு வந்தார் டீச்சர்.

"பார்த்துக்குங்க. சூளையில வைக்கலாமா?"

பர்னபாஷ் குனிந்து பார்த்தார். மூலையில் புதுத் தூள் அழகாக நிரம்பியிருந்தது. குதிரை குதிரையாகவே இருந்தது.

"பிரமாதம். வைங்க."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"என் குதிரையை எனக்குத் தெரியாதா? வைங்க டீச்சர்."

வைத்தார்.

வெளியே எடுத்தபோது தகடு முழுக்கத் தணலாகத் தகதகத்தது. சூடு தணியத் தணிய சிவப்பு போய்க் கறுப்பு வந்தது. கறுப்பு போய் மெல்ல நீலம் எழும்பியது. பர்னபாஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

டிக்.

சின்னச் சத்தம்தான். பர்னபாஷ் சட்டென்று குனிந்தார்.

டிக். டிக்.

கழுத்திலிருந்து கால்வரை கோடு ஓடியது. தகடு நெளிந்தது. குதிரையின் தலை அப்படியே சில்லாகத் தெறித்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"ஐயோ! என்ன இது? டீச்சர், என்ன இது!"

டீச்சர் இடுக்கியால் தகட்டைத் திருப்பினார்.

பின்பக்கம் வெறும் செம்பு. தேய்த்து வைத்த குடம் மாதிரி பளபளத்தது.

இந்த வேலையில் முகத்துக்கு மட்டும் கண்ணாடி பூசுவது கிடையாது. முதுகுக்கும் பூச வேண்டும். மிச்சம் மீதி விழுந்த தூளையெல்லாம் கூட்டி அள்ளிப் பூசுவார்கள். சேற்று நிறத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும், சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் சூடு இறங்கும்போது முகம் தாங்காது, வெடித்துவிடும். பர்னபாஷே தன் மாணவர்களிடம் இதைத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்.

"கொன்னுட்டீங்களே! என் குதிரையைக் கொன்னுட்டீங்களே டீச்சர்!"

"குதிரையை நான் தொடவே இல்லை."

"முதுகை எதுக்குச் சுரண்டினீங்க? உங்களுக்குத் தெரியாதா? எதுக்கு டீச்சர்?"

"யாரு பார்க்கப் போறா?"

பர்னபாஷ் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீலம் இன்னமும் ஒவ்வொரு சில்லாக உதிர்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் ஆணியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்தார்.

"எழுந்திருங்க. சொன்ன சொல் சொன்னதுதான், உடைச்சுடலாம். சுத்தியல் எடுத்துக்கட்டுமா?"

பர்னபாஷ் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"சுத்தியல் வேண்டாம் டீச்சர்" என்றார். "துடைக்கிறதுக்குத் துணி இருந்தா குடுங்க."