தில்லையின் படுக்கை

வடிவாம்பாள் அம்மாவுக்கு மடம் கிடையாது. பழைய சினிமா கேரவன் ஒன்றில்தான் வாசம். துறவிக்குக் கேரவன் கேட்கிறதா என்று ஊருக்கு ஊர் கிண்டல் செய்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

கூட இருந்த சீடர்கள் இரண்டு பேர். வண்டி ஓட்டுவது பூமிநாதன், அம்மாவைவிட வயதில் மூத்தவர். சமைப்பது தில்லைநாயகம். அவருடைய படுக்கை பின்கோடியில், கூரை ஜன்னலுக்கு நேர் கீழே.

மழை பெய்தால் அந்தப் படுக்கை நனைந்துவிடும். ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறான் என்று பூமிநாதன் திட்டினார். மூடிவிட்டுத்தான் படுத்தேன் என்றார் தில்லை. அடுத்த மழையிலும் அதே பேச்சு. மரமெல்லாம் ஊறி இற்றுப்போகிறது, இதில் பொய் வேறா என்று பூமிநாதன் கத்தினார். தில்லை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் தில்லை பையோடு இறங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகும் மழை வந்தது. பூமிநாதனே ஜன்னலை மூடி, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசினார். படுக்கை நனைந்தது.

"மேல ஏறித் தண்ணி ஊத்துங்க. நான் உள்ளே இருந்து பார்க்கிறேன்," என்றார் அம்மா.

ஜன்னலைச் சுற்றி ஊற்றினார். சொட்டவில்லை. ஓரங்களில் ஊற்றினார். அங்கும் இல்லை. கூரையின் முன்பக்கம் அம்மாவின் பெயர்ப்பலகை இருந்தது. பக்தி முற்றிப்போய் பூமிநாதன் தன் கையாலேயே துளை போட்டு முடுக்கியது. அதன் அடியில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில், உள்ளேயிருந்து அம்மா கூரையைத் தட்டினார். திருகாணித் துளையில் இறங்கிய தண்ணீர் கூரைக்குள்ளேயே பின்னால் ஓடி, தில்லையின் தலையணையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பூமிநாதன் பலகையைக் கழற்றி, துளைகளை அடைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"அநியாயமா அவன் மேல பழி போட்டுட்டேனே, அம்மா."

"பழி போட்டது நீங்க. பேசாம இருந்தது நான்."

அம்மாவின் குரல் அன்று வழக்கம்போல் இல்லை. பூமிநாதன் அவசரமாகப் போனை எடுத்தார்.

"இப்பவே கூப்பிடுறேன். ஓட்டையைக் கண்டுபிடிச்சாச்சு, நீ சொன்னது நெசம்தான்னு சொல்லிடுறேன். வந்துடுவான்."

அம்மா தலையணையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஓட்டை கிடைக்காமலே போயிருந்தா, தில்லையைக் கூப்பிட்டிருப்போமா?"