பிணை நின்றவர் வீட்டில் விருந்து

முன்னொரு காலத்தில் மருதங்குடி என்ற நாட்டை நீலமேக பூபதி என்ற ராஜா ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு, அவ்வளவுதான். கைதட்டல் என்றால் உயிர்.

அதனால் தன் பிறந்த நட்சத்திரத்தன்று சிறையிலிருந்து ஒருவனை விடுதலை செய்வான். வந்தவனுக்குப் புது வேட்டி கொடுப்பார்கள். அவன் வீட்டார் அரண்மனைப் படியிலேயே ஆரத்தி எடுத்து அழைத்துப் போகவேண்டும். ஊர் ஆரவாரம் செய்யும், ராஜா கண்ணைத் துடைத்துக்கொள்வான். அன்று விடுதலைக்கு யாராவது தடை சொன்னால், கைதியின் மிச்சத் தண்டனையை அவரே அனுபவிக்கவேண்டும். அதுதான் வழக்கம்.

அந்த வருஷம் ஆரத்தித் தட்டோடு நின்றவள் அங்கம்மை. அவள் புருஷன் கருவேலன் படைத்தலைவரின் மல்யுத்தக்காரன். களத்தில் தோற்ற நாளெல்லாம் வீட்டில் ஜெயித்தவன். கடைசியாக அவன் முறித்து, சிறைக்கும் போகக் காரணமான இடது கை கோணலாகத்தான் கூடியது. அதனால் தட்டை வலது கையிலேயே பிடித்திருந்தாள்.

தடை சொல்லிவிடலாமா என்று அவள் நிஜமாகவே யோசித்தாள். சிறைக்குப் போனால் கஞ்சியையாவது அடி வாங்காமல் குடிக்கலாம். ஆனால் அவளைச் சிறையில் வைத்துவிட்டு அவன் வெளியே திரிவானே! அந்த நியாயத்தை அவள் ஒப்பவில்லை.

படைத்தலைவர் வீரசிங்கம் முன்னால் வந்தார். கருவேலனுக்குத் தண்டனை கொடுத்தவர் மந்திரி தாண்டவராயர். மந்திரியின் தீர்ப்பைச் சபை நடுவே கவிழ்க்க வேண்டும் என்பது படைத்தலைவருக்கு நெடுநாள் ஆசை.

"மகாராஜா, கருவேலன் தங்கமான ஆள். சிறையில் ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? அவன் நடத்தைக்கு நானே பிணை!"

ராஜா மந்திரியைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மந்திரியாரே, முகம் வாடுகிறதே! தடை ஏதும் உண்டா?"

"தடையா? மகாராஜா, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. சிறைக்காவலரை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா?"

சிறைக்காவலர் வந்து கும்பிட்டார். "நல்ல பிள்ளை சாமி. யார் மேலும் கை வைத்ததில்லை."

"உம்மை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறானா?" என்று கேட்டார் மந்திரி.

"என்னையா? என் கையில் தடி இருக்குமே!"

"மற்றக் கைதிகளை?"

"அவனுங்க திருப்பிக் கொடுப்பானுங்களே சாமி."

சபை சிரித்தது. அங்கம்மை சிரிக்கவில்லை. ராஜா புருவத்தைச் சுருக்கினான். "மந்திரியாரே, பேச்சு எங்கே போகிறது?"

"கொண்டாட்டத்தை நோக்கித்தான் மகாராஜா. எனக்கு ஒரு குறை. வெறும் ஆரத்தியோடு முடிந்தால் இந்த விடுதலைக்கு என்ன பெருமை? இப்படிப்பட்ட உத்தமனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் படைத்தலைவர். அந்தக் கௌரவம் அவருக்குத்தான். அடுத்த பிறந்தநாள் வரை கருவேலன் அவர் வீட்டில் விருந்தாளியாக இருக்கட்டும். அவர் குடும்பத்தோடு உண்டு, உள்கட்டிலேயே உறங்கட்டும். மருதங்குடியில் கைதியும் மதிப்போடு வாழ்கிறான் என்று எட்டுத் திக்கும் பேசும்!"

"பேஷ்!" ராஜா தொடையைத் தட்டினான். "அப்படியே ஆகட்டும்!"

படைத்தலைவரின் மீசை கொஞ்சம் இறங்கியது. "என் வீட்டிலா? மகாராஜா, என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்..."

"நல்லதாகப் போயிற்று. எடுபிடிக்கு ஆள் ஆயிற்று," என்றார் மந்திரி.

"வேண்டுமானால் குதிரை லாயத்தில் படுக்கட்டுமே."

"தங்கத்தை யாராவது லாயத்தில் வைப்பார்களா, ஓய்?"

"அதற்கில்லை ஐயா. அவன் கொஞ்சம் முன்கோபி."

"உப்புக் குறைந்தால் கோபம் வருமோ?"

"உப்புக்கும் வரும், ஒன்றுமில்லாமலும் வரும்! அவன் பெண்டாட்டி கையைப் பாருங்கள்! என் வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னால் முடியாது! அவன் சிறையிலேயே கிடக்கட்டும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. புது வேட்டியில் நின்ற கருவேலன் வாயைப் பிளந்தான்.

"மகாராஜா, இன்று தடை சொன்னவர் ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது," என்றார் மந்திரி மெதுவாக.

ராஜாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "வீரசிங்கம்! உம் வீட்டு உள்கட்டுக்கு ஆகாதவனை இந்தப் பெண்ணின் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தீரா? பிணை போயிற்று, விடுதலையும் போயிற்று. கருவேலன் உள்ளே போகட்டும். நீரும் கூடவே போம். உம்முடைய தங்கத்துக்குப் பக்கத்திலேயே பாய் போடச் சொல்கிறேன். நான் நினைக்கும்போது அழைக்கிறேன்."

அவர்களைக் கொண்டுபோனார்கள். மந்திரிக்குத் தன் தோளிலிருந்த பட்டைப் போர்த்திய ராஜா, அப்போதுதான் அங்கம்மையை நேராகப் பார்த்தான்.

"நீ என்னம்மா நினைக்கிறாய்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. வழக்கு நடந்தபோதும் அடித்தவன் இவன்தானா என்று அவளிடம் அடையாளம்தான் கேட்டார்கள், அபிப்பிராயம் கேட்கவில்லை.

"அவரை என்றைக்கு விட்டாலும், எனக்கு முன்னாடியே சொல்லி அனுப்புங்க மகாராஜா. நான் இருப்பதா, வேறு ஊர் போவதா என்று முடிவு பண்ணிக்கிறேன்."

"ஒருவேளை அவன் திருந்தியிருந்தால்?"

"திருந்தட்டும், நல்லதுதான். அதற்காகக் கத்தி மழுங்கிப்போச்சா என்று பார்க்க என் விரலைத்தான் வைக்கணுமா?"

ராஜா இம்முறை கைதட்டலுக்காகச் சபைப் பக்கம் திரும்பவில்லை. அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய செய்தி. பிறகு எழுந்து நின்று ஆணையிட்டான். இனி எந்தக் கைதியை விடுவதானாலும், அடிபட்டவரிடம் முதலில் கேட்கவேண்டும். விடும் நாளை அவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். ஆரத்தி அவரவர் இஷ்டம்.

அன்று கைதட்டல் குறைவு. ஒருவனும் வெளியே வராத பிறந்தநாளுக்கு எதைக் கண்டு தட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. அங்கம்மை வீட்டுக்குப் போய், வாசற்கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, நிதானமாகச் சோறு வடித்தாள்.