பேச்சி டீச்சரின் சாக்கு சைக்கிள்

கல்லேரிக் காட்டில் பேச்சி என்றொரு ஆமை இருந்தது. காட்டில் எல்லோரும் அதை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்துக் குஞ்சுகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை.

வாத்துக் குஞ்சுக்கு யாராவது நீச்சல் சொல்லிக்கொடுப்பார்களா என்று சிரிக்காதீர்கள். குஞ்சுக்கு நீந்தத் தெரியும். எங்கே நீந்தக் கூடாது, எப்போது கரையேற வேண்டும் என்பதுதான் தெரியாது.

ஏரியின் வடகரையில் ஒரு பாறை. பாறைக்குக் கீழே ஒரு முதலை. ராத்திரிக் குளிரில் அதன் உடம்பு விறைத்துக் கிடக்கும். காலையில் பாறைமேல் வெயில் ஏறினால்தான் அதற்கு வால் அசையும். அதற்குள் பாடத்தை முடித்து, குஞ்சுகளை எண்ணிக் கரையேற்றிவிட வேண்டும். பேச்சி வேலைக்கு வருவதற்கு முன்னால் வருஷத்துக்கு நாலைந்து குஞ்சுகள் குறையும். வந்த பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆனால் டீச்சரின் வீடு ஏரிக்கரையில் இல்லை. காட்டின் மறுகோடியில், மணல்மேட்டில் இருந்தது. அங்கிருந்து ஆமை நடையில் கிளம்பினால் ஏரிக்கு வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். முதலை அதற்குள் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருக்கும்.

அதனால்தான் சைக்கிள். பேச்சிக்குச் சைக்கிள்தான் கால்.

அந்தச் சைக்கிளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செக்கச்செவேல் என்று பெயிண்ட். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மஞ்சள் குஞ்சம். ஹப்பில் கலர் கலராக வளையம். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் தொட்டு ரிம்மைத் துடைப்பாள் டீச்சர். ஆமையை அவள் என்று சொல்லிவிட்டேன், சரி, இனி அப்படியே இருக்கட்டும். தன் ஓட்டில் பாசி படிந்திருப்பதைக் கவனிக்காதவள், மட்கார்டில் ஒரு பொட்டு சேறு பட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஏரிக்கரை நாவல் மரத்தடியில் நிறுத்திய சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் அணிலுடையது. அடுத்து முள்ளம்பன்றியின் புத்தம்புதுப் பச்சை சைக்கிள். எடுப்பது மரநாய்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. கேட்டால் அது வாலைச் சுருட்டிக்கொண்டு, தனக்கு மரம் ஏறத்தான் தெரியும், சைக்கிள் ஏறத் தெரியாது என்று சத்தியம் பண்ணும்.

பேச்சி தன் சைக்கிளையும் அந்த மரத்தடியில்தான் நிறுத்துவாள். பாடம் நடத்தும்போதே தலையைத் திருப்பித் திருப்பி நாவல் மரத்தைப் பார்த்தாள். ஒரு நாள் அப்படித் திரும்பியதில் குஞ்சுகளின் எண்ணிக்கை தப்பிப்போய், கடைக்குட்டி ஒன்று பாறைக்குப் பத்தடி தூரம்வரை போய்விட்டது. அன்று சாயங்காலமே கீரியின் பஞ்சர் கடைக்குப் போனாள். கடை, மணல்மேட்டுச் சரிவு முடிகிற இடத்தில், ஓடைப் பாலத்தை ஒட்டி இருந்தது.

"அண்ணாச்சி, நல்ல பூட்டா ஒண்ணு போட்டுக் கொடுங்க. யானை மிதிச்சாலும் உடையக் கூடாது."

கீரி சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தது. பூட்டு தருவதாகச் சொன்னது. ஆனால் முள்ளம்பன்றியும் பூட்டித்தான் வைத்திருந்தது, பூட்டை உடைக்கக் கால் நாழிகை போதும் என்றது. அந்தக் கால் நாழிகையைச் செலவழிக்கலாமா வேண்டாமா என்று திருடன் முடிவு பண்ணுவது பூட்டைப் பார்த்து அல்ல, வண்டியைப் பார்த்து.

"வண்டியை அசிங்கமாக்கணும் டீச்சர்."

பேச்சி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். உள்ளேயிருந்தே பேசினாள்: "என் வண்டிக்குக் கந்தலைக் கட்டிவிடச் சொல்றீங்களா? மயில் என்ன நினைக்கும்? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு நாலு நாள் சிரிக்கும். குஞ்சு போச்சுன்னா ஊரு சிரிக்காது."

 தலை மெல்ல வெளியே வந்தது. ஆகட்டும் என்றது.

கீரி வேலையில் இறங்கியது. சிவப்புப் பெயிண்ட் தெரியாமல் பழைய டியூபை வெட்டிச் சுற்றியது. குஞ்சத்தையும் வளையத்தையும் கழற்றியது. ரிம்மில் கரிப்பிசுக்கைத் தடவியது. சீட்டின்மேல் ஒரு கிழிந்த சாக்கைப் போர்த்திச் சணலால் கட்டியது. பிரேக்கையும் பெல்லையும் செயினையும் மட்டும் முன்னைவிட நன்றாகவே வைத்தது. கேட்ட பூட்டையும் மாட்டியது. கடைசியாக ஒரு பழக்கமும் சொல்லிக்கொடுத்தது. வண்டியை எங்கே நிறுத்தினாலும் செயினைப் பல்சக்கரத்திலிருந்து நழுவவிட்டுப் போக வேண்டும். எடுக்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் காடே சிரித்தது. சாக்கு டீச்சர் என்று மயில் பெயர் வைத்தது. பேச்சிக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு மாதம் நாவல் மரத்தடியில் அந்தச் சைக்கிளை யாரும் தொடவில்லை. ஒரு நாள் மரநாயே வந்து, சாக்கு சீட்டின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மயிலின் நீலச் சைக்கிளை ஆற அமர நோட்டம் பார்த்தது. அடுத்த நாள் நீலச் சைக்கிளைக் காணோம். பேச்சிக்கு மயிலை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. அதோடு, நம்முடையது இருக்கிறதே என்று ஒரு நிம்மதியும் வந்தது. நிம்மதி வந்ததற்காக வெட்கமும் பட்டாள். இப்போது அவள் தலை நாவல் மரத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. குஞ்சுகளின் எண்ணிக்கை தப்பவும் இல்லை.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை அன்று காட்டில் ஒவ்வொருவரும் தம் தொழில் சாமானைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். மரங்கொத்தி தன் அலகுக்கே சந்தனம் பூசிக்கொள்ளும். தன் சைக்கிள் மட்டும் கந்தலோடு சாமி முன்னால் நிற்பதா? பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள்தானே என்று டியூபை அவிழ்த்தாள். சாக்கை எடுத்தாள். சைக்கிள் பழையபடி செக்கச்செவேல் என்று வெளியே வந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தாள், குஞ்சம் மாட்டினாள். ஹேண்டில்பாரிலிருந்து பின் கேரியர்வரை தொங்குகிற மாதிரி செவ்வந்தி மாலை போட்டாள். சந்தனமும் குங்குமமும் ஒரு கிண்ணம் தீர்ந்தது. பொரி சாப்பிட வந்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். டீச்சரின் கழுத்து அன்று நீண்ட நீளத்துக்கு அதற்கு முன்னால் நீண்டதே இல்லை.

பூஜையில் வைத்த சாமானை அன்று எடுக்கக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். அதனால் சைக்கிள் வாசலிலேயே நின்றது. பூட்டினாளா என்றா கேட்கிறீர்கள்? பூட்டும் தொழில் சாமான்தானே! அதையும் கழுவி, பொட்டு வைத்து, சாவியோடு சேர்த்துச் சாமி முன்னால் படையலில் வைத்திருந்தாள். நல்லவேளை, செயினை நழுவவிடும் பழக்கம் மட்டும் கையோடு வந்துவிட்டது.

விஜயதசமி அன்று விடியும் முன்பே எழுந்து வாசலுக்கு வந்தாள். சைக்கிள் இல்லை.

பேச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புதுக் குஞ்சுகள் பாடம் தொடங்குகிற நாள் அது. பதினோரு புதுக் குஞ்சுகள். பாறை எது, முதலை எது என்று அறியாதவை. வெயில் ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் இன்னும் சொல்லித்தராதவை. என் அழகு ஆசையால் பிள்ளைகளைக் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதாள்.

அழுத கண்ணில் ஒரு மஞ்சள் இதழ் பட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சரிவு நெடுகச் செவ்வந்தி இதழ்கள் கிடந்தன.

நடந்தால் நேரமாகும். பேச்சி தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மணல் சரிவில் தன்னை உருட்டிவிட்டாள். டீச்சர் உருண்டதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மயிலுக்கு இன்னொரு பெயர் கிடைத்திருக்கும்.

கீழே, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், முட்புதரை ஒட்டிச் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் மரநாய் குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சரிவில் மிதிக்காமலே உருண்டு வந்த வண்டி, சமதரைக்கு வந்ததும் நின்றுவிட்டது. தொங்கிய மாலை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மாலை கட்டிய வாழைநார் பனியில் நனைந்து, இழுக்க இழுக்க இறுகியது.

டீச்சரைப் பார்த்ததும் மரநாய் துள்ளி எழுந்தது. "நல்லவேளை வந்தீங்க டீச்சர்! எவனோ களவாணிப் பய உங்க வண்டியை இங்க போட்டுட்டுப் போயிருக்கான். நான் காவல் காத்துக்கிட்டு இருக்கேன். இந்த நாரை மட்டும் கடிச்சு விடுங்க, நானே வீட்ல கொண்டுவந்து விட்டுடுதேன்."

அதன் மூக்கில் குங்குமம். இரண்டு கையிலும் சந்தனம். பேச்சி நாரைக் கடித்தாள். ஆமையின் வாய் கத்தரிக்கோல். நார் அறுந்தது.

அறுந்ததுதான் தாமதம், மரநாய் சீட்டில் தாவி ஏறி மிதித்தது. பெடல் விர்ரென்று சுற்றியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் வேகமாக மிதித்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து புதருக்குள் விழுந்தது.

சத்தம் கேட்டுக் கடையிலிருந்து கீரி ஓடி வந்தது. மரநாய் முள்ளை எடுத்துக்கொண்டே முனகியது: "நாசமாப் போற வண்டி. இவ்வளவு அழகா இருந்து என்ன செய்ய, ஓட மாட்டேங்குதே. இப்படி ஒரு வண்டியை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"ஒளிக்கலை தம்பி. ரெண்டு மாசமா நாவல் மரத்தடியிலதான் நின்னுச்சு. நீ அதுமேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் மயில் வண்டியைப் பார்த்தே" என்றாள் பேச்சி.

மரநாய் சைக்கிளைப் பார்த்தது. டீச்சரைப் பார்த்தது. "அந்தச் சாக்கு வண்டியா இது?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பென்று தெரிந்து வாயைப் பொத்தியது. அதற்குள் கீரி அதன் வாலைப் பிடித்துவிட்டது.

பேச்சிக்கு மீதியைப் பார்க்க நேரமில்லை. செயினை மாட்டினாள், ஏறினாள், மிதித்தாள். கிழக்கு வெளுத்து, சிவந்து, பனைமரத்து உச்சியில் வெயில் பட்டுவிட்டது. பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே போனாள்.

ஏரிக்கரையில் பதினோரு குஞ்சுகளும் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற ஒன்று தண்ணீரில் ஒரு காலை வைத்துவிட்டது. வடகரைப் பாறையின் நெற்றியில் ஒரு கீற்று வெயில். அதன் கீழே முதலையின் ஒரு கண் பாதி திறந்திருந்தது.

"காலை எடு கண்ணு!"

குஞ்சு காலை எடுத்தது. பேச்சி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினொன்று. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். பதினொன்றேதான். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே படுத்துச் சிரித்தாள். ஏன் என்று தெரியாமல் குஞ்சுகளும் சிரித்தன. அன்றைய பாடம் கரையிலேயே நடந்தது. பாறை எது, முதலை எது என்பதுதான் பாடம். முதலை கண்ணை மூடிக்கொண்டது.

மரநாயின் குங்கும மூக்கைக் காடே பார்த்தது. அதன் பொந்துக்குப் பின்னால் இருந்த சைக்கிள்கள் எல்லாம் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தன. மயில் தன் நீலச் சைக்கிளை வாங்கிக்கொண்டு நேரே கீரியின் கடைக்குப் போய், பழைய டியூப் இருக்கிறதா என்று கேட்டது. அங்கே ஏற்கெனவே பேச்சி நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் டீச்சர் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தாள். டியூபை அவிழ்க்கவில்லை, சாக்குக்கு மேலேயே வைத்தாள். சாமிக்கு உள்ளே என்ன நிறம் என்று தெரியாதா என்ன?

உனக்குக் காலாக இருக்கும் பொருளை ஊரார் மெச்ச மினுக்கி வைக்காதே, உன் வேலைக்கு உதவ உறுதியாக வை.