ஆடிக்கு முன்னால் ஒரு வண்டி

குளத்தங்கரைக் காட்டில் செல்லாத்தாள் என்ற கரடியம்மாவுக்கு விடிந்ததிலிருந்து ஒரே கவலை.

மறுநாள் மலைமேல் சம்பந்தி வீட்டில் மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்காகவே முள்ளம்பன்றியின் பட்டறையில் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தாள். மகள் சாய்ந்து உட்கார்ந்து வர, பின்னால் மெத்தை வைத்த இருக்கை.

நாளையை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது வண்டி எடுத்தால் காடே சிரிக்கும்.

பட்டறை வாசலில் கிளி உட்கார்ந்து, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. "வாடிக்கையாளர்களின் பாதுகாப்பைக் கருதி, விற்ற வண்டிகள் அனைத்தும் திரும்பப் பெறப்படுகின்றன. புது வண்டிகள் தற்போதைக்குத் தரப்படமாட்டா. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"வருந்துறது இருக்கட்டும். என் வண்டி எங்கே?" என்றாள் செல்லாத்தாள்.

முள்ளம்பன்றி முள்ளெல்லாம் படிந்து போய் வெளியே வந்தார். "பிரேக் கட்டைக்கு ஈர மரத்தைப் போட்டுட்டேங்கக்கா. காயக் காயச் சுருங்கி, இறக்கத்துல கழண்டுக்குது. தப்பு என்னோடதுதான். நம்ம காட்டுப்பன்றி ஓடைக்குள்ள விழுந்து, இன்னும் ஒரு பக்கமாவே நடக்கறாரு. எல்லா வண்டிக்கும் காஞ்ச கட்டை மாத்தணும். ஆவணி ஆயிரும்."

"ஆவணியா? அதுக்குள்ள என் பேரன் பொறந்து, நடந்து வந்து, அவனே வண்டியை எடுத்துக்குவான்."

"பிரேக் இல்லாம எப்படிக்கா கொடுக்கறது?"

"நான் மெதுவாப் போய்க்கறேன். வண்டி நிக்கறதா முக்கியம்? ஓடினாப் போதாதா?"

முள்ளம்பன்றி மசியவில்லை. கிளி மறுபடி வருந்தியது.

செல்லாத்தாள் புலம்பிக்கொண்டே திரும்பினாள். சம்பந்தியம்மா என்ன சொல்லுவாள்? 'வண்டி வருது, வண்டி வருதுன்னாங்க. கடைசியில காலாலதான் வந்திருக்காங்க' என்பாள். மகள் உடம்பு என்ன ஆகுமோ என்ற நினைப்பும் வந்தது. ஆனால் சம்பந்தியம்மாவின் முகம் அதை முந்திக்கொண்டு வந்து நின்றது.

வழியில் நரி தன் வண்டியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தான். அதுவும் அதே பட்டறை வண்டிதான், பின்னால் அதே மாதிரி மெத்தை வைத்த இருக்கை.

"நீ திருப்பிக் கொடுக்கலையா தம்பி?"

"நல்லாக் கேட்டீங்க! பூஜை போட்டு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த வண்டி. அதைப் போய்க் கடைக்குத் திருப்பி அனுப்பினா குடும்பம் விளங்குமா? மான் வீட்டுல கொடுக்கல, மயில் வீட்டுல கொடுக்கல. பிரேக்குல கோளாறுன்னு தெரிஞ்சதும் மயிலு இன்னும் ரெண்டு மிளகாய் சேர்த்துக் கட்டிட்டாரு."

"உன் பிரேக் பிடிக்குதா?"

"நான் சமதரையில ஓட்டறவன். ஊளை விட்டா எல்லாரும் ஒதுங்கிக்கறாங்க. பிரேக் எதுக்கு? வேணும்னா நாளைக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு தேனடை மட்டும் கொடுங்க."

செல்லாத்தாள் கொஞ்சம் தயங்கினாள். கொஞ்சம்தான்.

மறுநாள் மூச்சு வாங்க மிதித்து மலையேறினாள். சம்பந்தி வீட்டு வாசலில் வண்டியைக் குறுக்காக நிறுத்தினாள், உள்ளே போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று. சம்பந்தியம்மா அதை ஒருமுறைக்கு இருமுறை சுற்றினாள். செல்லாத்தாளுக்கு வயிறு குளிர்ந்தது.

வளைகாப்பு முடிந்தது. கை நிறைய வளையலோடு தேன்மொழி வண்டியருகே வந்தாள். ஏறவில்லை.

"அம்மா, இந்த வண்டியைத்தானே திருப்பிக் கேட்டிருக்காங்க?"

"மெதுவாப் பேசுடி. சம்பந்தி காதுல விழுந்துரும்."

"வரும்போது பிரேக் பிடிச்சுப் பார்த்தியா?"

"வரும்போது மேடுதானே கண்ணு. பிடிக்க வேண்டியே வரல."

"அப்ப நீ முதல்ல தனியா அந்த வளைவு வரைக்கும் போய் நிறுத்திக் காட்டு. அப்புறம் நான் ஏறறேன்."

பெற்ற பெண்ணே நம்பவில்லையே என்று செல்லாத்தாளுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மிதி மிதித்தாள். மூன்றாவது மிதிக்கு அவசியமே இருக்கவில்லை.

வளைவில் பிரேக்கைப் பிடித்தாள். கட்டை கழன்று, வண்டிக்கு முன்னால் குதித்து ஓடியது. எலுமிச்சம்பழம் நசுங்கிய சக்கரங்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடின. வண்டி உண்ணிப் புதரைக் கிழித்து, ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் போய்க் கரையான் புற்றில் மோதி நின்றது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். செல்லாத்தாள் முடியெல்லாம் மண்ணாக, முன் இருக்கையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் மட்டும் கீறல். பின்னால் திரும்பிப் பார்த்தாள். மெத்தை வைத்த இருக்கை இருந்த இடத்தில் இருக்கை இல்லை. புற்றுமண் மட்டும் குவிந்து கிடந்தது.

அவள் மகளைப் பார்த்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"வண்டி பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு" என்றாள் சம்பந்தியம்மா. "ஆடி கழிச்சு உங்களுதே வந்திருமில்லீங்க?"

முந்தின நாளாக இருந்தால் அந்த ஒரு பேச்சுக்குச் செல்லாத்தாள் பத்து நாள் தூங்கியிருக்க மாட்டாள். இப்போது அது காதிலேயே ஏறவில்லை. தட்டுத் தடுமாறி எழுந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"இறங்கிப் போகவெல்லாம் வேண்டாம் கண்ணு. நீ இங்கேயே இரு. குழந்தை பொறக்கிற வரைக்கும் நான் இங்கே வந்து இருந்துக்கறேன்."

"சம்பந்தி வீட்டுலயா? நாலு பேரு என்னம்மா சொல்லுவாங்க?"

"சொல்லிட்டுப் போறாங்க" என்றாள் செல்லாத்தாள்.

நாலு பேர் மெச்ச வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் தங்களை நம்பி ஏறுகிறவர்களின் உயிரை மறந்துவிடுகிறார்கள். பத்திரமாக வருவது தாமதமாக வந்தாலும் அதுவே நல்லது.