ஆவுடை அக்கா கேட்ட படங்கள்

சிவசைலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு ஜெபராணிக்கு முப்பத்தாறு. குருவுக்குப் பல் வலித்தால் சீடரிடம் போவாள், ஏனென்றால் சீடர் பாளையங்கோட்டையில் பெயர் சொன்னால் தெரிகிற பல் டாக்டர். சீடருக்குப் படத்தில் சந்தேகம் வந்தால் குருவிடம் வருவார், ஏனென்றால் ஜெபராணி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் போட்டோகிராபி வகுப்பு நடத்தினாள்.

சிவசைலத்துக்குச் சந்தேகம் வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கையில் இருந்தது மூன்றாவது கேமரா. முதல் இரண்டும் பீரோவில் சுகமாகத் தூங்கின. வகுப்பில் எல்லோரும் வாரம் ஒரு படம் கொண்டுவந்து சுவரில் ஒட்டுவார்கள். சிவசைலம் மட்டும் ஒன்றுகூட ஒட்டியதில்லை. கேட்டால், இன்னும் முடியவில்லை என்பார்.

அன்றைக்கும் வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு அவர் உட்கார்ந்தே இருந்தார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க டாக்டர்.”

“அடுத்து எண்பத்தஞ்சு லென்ஸ் வாங்கட்டா, எழுபது இருநூறு ஜூம் வாங்கட்டா?”

“இப்ப இருக்குற லென்ஸ்ல எதை எடுக்க முடியல?”

சிவசைலம் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

“எடுக்க முடியுது. இருந்தாலும் முகம் எடுக்குறதுக்கு எண்பத்தஞ்சுதான் நல்லாருக்கும்னு சொல்லுதாங்க.”

“சரி. அப்புறம்?”

“படத்தை ரா ஃபைலா எடுக்கணுமா, ஜேபெக் ஃபைலா எடுக்கணுமா? நம்ம வகுப்புல இதுக்கு அடிதடி நடக்காத குறை.”

“நீங்க எதுல எடுக்குதீங்க?”

“ராவுலதான்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வந்தது. “ஜேபெக்னா கேமராவே அந்த இடத்துல முடிவு பண்ணிருது டீச்சர். இவ்வளவு வெளிச்சம், இந்தக் கலர்னு ஒரு படத்தைப் பண்ணி, மிச்சத்தைத் தூக்கி எறிஞ்சிருது. ரா அப்படி எதையும் எறியாது. கேமரா சென்சார்ல விழுந்த வெளிச்சம் அம்புட்டும் அப்படியே இருக்கும். பின்னால கம்ப்யூட்டர் முன்னால பொறுமையா உக்காந்து, நம்ம மனசுக்குத் தக்கன செஞ்சுக்கிடலாம்.”

“உக்காந்தீங்களா?”

“உக்காரணும். நல்ல மானிட்டர் ஒண்ணு வாங்கிட்டு உக்காரலாம்னு இருக்கேன்.”

ஜெபராணி பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. கள்ளிடைக்குறிச்சியிலிருந்து அக்கா. சிவசைலத்தின் அக்கா ஆவுடையம்மாள் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

“ஏ சைலம், படம் ஆச்சாடே?”

“ஆயிக்கிட்டே இருக்குக்கா.”

“சரிடே. அவசரமில்ல. ஞாபகம் வந்துச்சு, கேட்டேன்.”

போனை வைத்துவிட்டுச் சிவசைலம் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். குரு கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். குரு கேட்டாள்.

“என்ன படம் டாக்டர்?”

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அக்காவுக்கு வெகு நாளாகச் சர்க்கரை. அது கண்ணில் இறங்கிவிட்டது. இடது கண் போயேவிட்டது. வலது கண்ணிலும் பார்வை கரைந்துகொண்டு வருகிறது. இனி இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர போனது வராது, இருப்பதும் எத்தனை நாளைக்கு என்று சொல்வதற்கில்லை என்று கண் டாக்டர் கைவிரித்துவிட்டார். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் முழுவதும் சாஸ்தா கோவிலில் கூடியபோது அக்காவும் வந்திருந்தாள். வந்தவர்களின் குரல்தான் அவளுக்குக் கேட்டது, முகம் தெரியவில்லை. சிவசைலம் அங்கே கேமராவும் கையுமாக ஓடியாடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு, “எல்லாரையும் பெருசா படம் போட்டுக் குடுடே. வீட்டுல வச்சு நிதானமாப் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

“இப்ப புரட்டாசி” என்றாள் ஜெபராணி.

“ஏனோதானோன்னு குடுக்க மனசு வரல டீச்சர். அம்மா போனப்புறம் என்னை வளத்தவ அவ. கலர் சரி பண்ணி, நல்ல பேப்பர்ல, நல்ல பிரிண்டா…”

ஜெபராணி கையை நீட்டினாள். “கேமராக் கார்டைக் குடுங்க.”

அவள் கார்டைத் தன் லேப்டாப்பில் செருகி, ஏதோ ஒரு சின்ன மென்பொருளைத் திறந்து, நாலைந்து இடத்தில் தட்டினாள். திரையில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பொங்கல் பானை, புகை, கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற பெண்கள், மருத மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்த கூட்டம்.

சிவசைலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் ஜேபெக்ல எடுக்கவே இல்லையே.”

“நீங்க எடுக்கல. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளயும் கேமராவே ஒரு ஜேபெக்கைச் செஞ்சு வச்சிருக்கும். எடுத்த கையோட கேமராவுக்குப் பின்னால திரையில பாக்குதீங்களே, அதான் இது.”

“அது தெரியும். ஆனா அது சும்மா பாக்கறதுக்குன்னு வச்சது டீச்சர்.”

“உங்க அக்கா வேற எதுக்குக் கேட்டாங்க?”

சிவசைலம் கார் சாவியை எடுத்தார்.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு போட்டோ லேபில் பெரிய அளவில் பிரிண்ட் போட்டார்கள். ஈரம் காயக் காய ஒவ்வொன்றாகக் கையில் வாங்கியபோது சிவசைலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு படம் மஞ்சளடித்திருந்தது. ஒன்றில் வானம் வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று நினைத்தார். ஜெபராணி படங்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, அவருடைய காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கள்ளிடைக்குறிச்சிக்குப் போகிற வழியில் சேரன்மகாதேவி தாண்டுகிற வரைக்கும் அவர் கலரைப் பற்றியே பேசினார். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்கா வீட்டில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பகல் முழுவதும் அவள் அதில்தான் இருப்பாள். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினாள்.

“யாரு, சைலமா? கூட யாருடே?”

“எங்க டீச்சருக்கா.”

“உனக்கு இந்த வயசுல டீச்சரா? உக்காருங்கம்மா. சின்ன வயசுல இவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு படுத்தின பாடு கொஞ்சமில்ல.”

சிவசைலம் சுருளைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். “படம்க்கா. அவசரத்துல போட்டது. கலரெல்லாம் சரியில்ல, பாத்துக்கோ. முறையாச் செஞ்சு இன்னொரு தடவை…”

அக்கா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. முதல் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். இன்னும் பக்கத்தில். மூக்கு உரசுகிற அளவுக்குக் கொண்டுவந்து, தலையைச் சாய்த்து, வலது கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். அப்படியே மெதுவாகத் தாளை நகர்த்தினாள்.

“இது சங்கரி. என்ன, இப்படிப் பெருத்துட்டா.”

கொஞ்சம் நகர்த்தினாள்.

“இது அம்பாசமுத்திரம் மாமா. பல்லு கட்டிட்டாவளா? நீதான் கட்டினியா? கட்டினவன் கொஞ்சம் சின்னதாக் கட்டியிருக்கப்படாதா?”

குரு சிரித்துவிட்டாள். சிவசைலமும் சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்குக் கண் நிறைந்தது. ஆறு மாதமாக மானிட்டர், பேப்பர் என்று நாளைக் கடத்திய தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. இந்த ஆறு மாதத்தில் அவள் கண்ணில் எவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

“இது மஞ்சளடிச்சிருக்குக்கா.”

“வெயில் பின்ன என்ன கலர்லடே இருக்கும்?”

ஒவ்வொரு படமாக அவள் முடித்தாள். ஒரு படத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றாள். மரநிழலில் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோ நிற்கிறார்கள். நிழல் முகத்தை மறைத்திருந்தது.

“இது யாருன்னு பிடிபடல. கறுப்பா இருக்கு.”

“உன் பேத்திக்கா. கைக்குழந்தையோட நிக்கா.” சிவசைலம் வேகமாக ஜெபராணியைப் பார்த்தார். “ராவுல இருந்து எடுத்தா அந்த நிழலுக்குள்ள முகம் தெளிவா இருக்கும் டீச்சர். கண்டிப்பா இருக்கும்.”

“இருக்கும். அதுக்குத்தான் ரா. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த ஒரு படத்தைச் செய்யுங்க. நாளைக்குக் கொண்டுவந்து குடுங்க.”

“பழைய மானிட்டர்ல…”

ஜெபராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“செஞ்சு கொண்டாந்துருதேன்” என்றார் சிவசைலம்.

அக்கா படங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுக்கின விளிம்பைத் தட்டிச் சரிசெய்தாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தார் சிவசைலம். அவள் எழுந்திருக்கவில்லை.

“எல்லாரும் இருக்காவ. நீ எங்கடே?”

“நான்தானக்கா எடுத்தேன்.”

“அது தெரியும்டே. உன் மூஞ்சியப் பாத்து எவ்வளவு நாளாச்சு! நல்லாக் கண்ணு தெரிஞ்ச காலத்துலயும் உன்னைப் பாத்தா ஒரு கறுப்பு டப்பாதான் தெரியும். இப்ப வாரே, வாசப்படியில நின்னு நலமான்னு கேக்கே, போயிருதே. உனக்கு நரைச்சிருக்குன்னு மருமக சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

அவள் குரலில் குறை இல்லை. ஊர் விஷயம் சொல்வதுபோல்தான் சொன்னாள். அதுவே சிவசைலத்தை என்னவோ செய்தது. அவர் சட்டென்று எழுந்தார். கேமராப் பையைத் திறந்தார்.

“இப்பவே எடுத்துருவோம்க்கா. டீச்சர், நீங்களே என்னை ஒரு படம் எடுங்க. இருங்க, இந்த லென்ஸ் வேண்டாம், மாத்துதேன். எண்பத்தஞ்சு வாங்கியிருந்தா இதுக்குன்னே இருந்திருக்கும். பரவாயில்ல, அம்பது இருக்கு. ஜன்னல் வெளிச்சம் இந்தப் பக்கம் விழுது. நான் இங்க நிக்கட்டா, அங்க நிக்கட்டா? எதுல வைக்கட்டும் டீச்சர், ராவா, ஜேபெக்கா? ரெண்டுலயும் வச்சிரட்டா?”

ஜெபராணி கேமராவை அவர் கையிலிருந்து வாங்கினாள். லென்ஸுக்கு மூடியைப் போட்டாள். ஜன்னலோரம் இன்னொரு நாற்காலியை இழுத்து, அக்காவின் முழங்காலை இடிக்கிற மாதிரி போட்டாள்.

“எதுலயும் வேண்டாம் டாக்டர். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டு, இதுல வந்து உக்காருங்க.”