மாசானம் சகோதரர்கள் ஆயில் கசிவைப் பிடித்த விதம்

கூனிப்பாறையில் மாசானம், பிச்சாண்டி, சொரிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் கழுத்துக்கு மேலே தலை உண்டு. அதற்குள்ளே என்ன உண்டு என்று ஊரில் யாரும் ஆராயத் துணிந்ததில்லை.

கடைக்குட்டி சொரிமுத்துவுக்குச் சுரண்டையில் ஒரு இடம் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா வேலாயுதம், "வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாங்க. பையன் சொந்த வண்டியில வந்தா எங்க சனத்துக்கு முன்னால கௌரவமா இருக்கும்" என்று சொல்லியனுப்பினார். உடனே மூவரும் போய், பல பேர் ஓட்டிக் களைத்துப்போன ஒரு பழைய பைக்கை வாங்கி வந்தார்கள்.

மறுநாள் காலை முற்றத்தில், வண்டிக்கு அடியில், கறுப்பாக ஒரு திட்டு.

"ஒண்ணுக்குப் போயிருக்கு" என்றான் பிச்சாண்டி.

"புது இடம்லா, பயந்திருக்கும்" என்றான் மாசானம். மூத்தவன் அல்லவா, யோசித்துத்தான் பேசுவான்.

சீட்டைத் தட்டிக் கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். வண்டி தேறவில்லை. மத்தியானத்துக்குள் திட்டு அகலமானது. அப்புறம்தான் ஆலங்குளம் மெக்கானிக் ஞானதுரைக்குப் போன் போட்டார்கள்.

"அது ஆயில் கசிவுலே. அடியில ஒரு அட்டையைப் போட்டு வைங்க. எந்தப் பக்கம் சொட்டுதுன்னு தெரிஞ்சிரும்."

மூவரும் நேரே ஓடைக்குப் போனார்கள். முழங்கால் சேற்றில் நின்று அட்டை பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. சொல்லப்போனால் அட்டைகள்தான் அவர்களைப் பிடித்தன. பிச்சாண்டியின் கெண்டைக்காலில் தொங்கியவற்றில் கொழுத்த ஒன்றைப் பிய்த்து வந்து வண்டிக்கு அடியில் விட்டு, சுற்றிக் குந்திக்கொண்டார்கள். அது ஆயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெல்ல ஊர்ந்து வந்து மறுபடி பிச்சாண்டியின் காலையே கவ்வியது.

"வண்டி கசியல" என்று தீர்ப்புச் சொன்னான் மாசானம். "கசியுதது நீதாம்லே."

பிச்சாண்டி மிரண்டுபோய் உடம்பெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஞானதுரை பொறுமைசாலி. இன்னொரு வழி சொன்னார். "இன்ஜினை நல்லாத் துடைச்சு, மூஞ்சிக்குப் போடுத பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓட விடுங்க. எங்க ஈரமாவுதோ அங்கதான் கசிவு."

துடைத்தார்கள். பவுடர் போட்டார்கள். வெறும் பவுடர் மூளியாக இருக்கிறதென்று பிச்சாண்டி ஹெட்லைட்டில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தான். வண்டியைத் தெருவில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டார்கள்.

"யாராவது ஏறி உக்காரணுமோ அண்ணே?" என்று மாசானத்தைக் கேட்டான் சொரிமுத்து.

"ஓட விடத்தாம்லே சொன்னாவ. ஓட்டச் சொல்லல."

மூவரும் கையை எடுத்தார்கள். வண்டி சரிவில் தன்னந்தனியாக ஓடி, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் மாட்டுத் தொட்டியில் பாய்ந்தது. தூக்கிப் பார்த்தால் முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஈரம்.

"எல்லா இடத்துலயும் கசியுது அண்ணாச்சி!" என்று போனில் அலறினான் மாசானம்.

ஞானதுரை கடைசியாக ஒரு வழி சொன்னார். "இனி ஒண்ணும் செய்யாதீங்கலே. கசியுத இடத்தைச் சுத்தி சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு, இங்க கொண்டாந்துருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முற்றத்துத் திட்டைச் சுற்றி அழகாக வட்டம் போட்டார்கள். போடுவது சுலபம், கொண்டுபோவதுதான் பாடு. கடப்பாரையால் சுற்றிலும் ஆழத் தோண்டி, வட்டம் கலையாமல் மண்ணைக் கட்டியாகப் பெயர்த்தார்கள். பக்கத்தில் நின்ற வண்டி சரிந்து குழிக்குள் விழுந்தது. இடைஞ்சல் ஒழிந்தது என்று விட்டுவிட்டார்கள். மண்கட்டியைத் தாம்பாளத்தில் வைத்து, பட்டுவேட்டி கட்டிய சொரிமுத்துவின் மடியில் கொடுத்து, லோடு ஆட்டோவில் ஆலங்குளம் போனார்கள்.

ஞானதுரை தாம்பாளத்தைப் பார்த்தார். "வண்டி எங்கலே?"

"நீங்க இடத்தைத்தான கேட்டீங்க அண்ணாச்சி?"

அவர் ஸ்பானரை ஓங்கிக்கொண்டு எழுந்தார். மூவரும் ஊருக்கே ஓடிவந்து, குழியைச் சுற்றி நின்று வண்டியை இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அப்போது வேலாயுதம் போனில் வந்தார். "என்னப்பா, ஏன் இன்னும் கிளம்பல? ஏதும் ஆயிட்டா?"

மாசானம் மூக்கை உறிஞ்சினான். "என்னத்தச் சொல்ல மாமா. ரெண்டு நாளாக் கசிவு நிக்கல. தொடைச்சு, பவுடர் போட்டு, பொட்டு வச்சு எல்லாம் பாத்தாச்சு. இப்போ குழிக்குள்ள. எடுக்கவா மூடவான்னு தெரியாம நிக்கோம்."

மறுமுனையில் "ஐயோ!" என்று ஒரு அலறல் கேட்டது. போன் கட்டானது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் ஒப்பாரி இறங்கியது. அதன் பின்னால் பெண்கள். அவர்களுக்கும் பின்னால், பெரிய ரோஜா மாலையோடு வேலாயுதம்.

மாசானத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியாலே, நம்ம கஷ்டம் தெரிஞ்சு அவங்களே வந்துட்டாவ!"

சொரிமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், வேலாயுதத்தின் முன்னால் கழுத்தை நீட்டினான். அவர் வாய் பிளந்து, மாலையைப் பிடித்தபடியே நின்றார்.

"போடுங்க மாமா, வெக்கப்படாதீங்க" என்றான் சொரிமுத்து.

பெண்ணின் அம்மா மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். மாசானம் அவளிடம் போனான்.

"கண்ணைத் தொடைங்க அத்தை. சுரண்டை என்ன தூரமா? நெனச்சப்போ வந்து உங்க பொண்ணைப் பாத்துக்கிடலாம்."