சுட்ட ஒயர்

சாயங்காலப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு விளக்கெல்லாம் அழுது வடிந்தால் உங்களுக்குச் சோறு இறங்குமா?

அந்த மடத்தில் பத்து நாளாக அப்படித்தான். குழம்பு எது, ரசம் எது என்று தெரியாமலே ஊற்றினார்கள்.

பதினோராம் நாள் பொழுது சாயும் நேரம், மூத்த சீடர் திருமேனி துணிப்பையோடு வந்து குருவின் முன் நின்றார்.

"சாமி, நான் ஊருக்கே போயிடுறேன். முடியலை. உத்தரவு தாங்க."

"பஸ் எப்போ?"

"ஒரு மணி நேரம் இருக்கு."

"அப்போ அந்த விளக்கைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போயேன்."

மடத்தில் மாசிலாமணி, கோலப்பன் என்று இன்னும் இரண்டு சீடர்கள் உண்டு. ஆனாலும் அடுப்பு அணைந்தால் திருமேனி. மோட்டார் நின்றால் திருமேனி. மாடு செருமினால்கூடத் திருமேனிதான்.

பையை இறக்கி வைத்தார். மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். மடத்துக்கு வருவது மூன்று லைன். சிவப்பு, மஞ்சள், நீலம்.

குருவும் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, எல்லாம் சிவப்பிலேயே தொங்குது?"

"நாற்பத்திரண்டு விளக்கும் இதுலதான் சாமி. லோடு தாங்காம மங்குது."

"மத்த ரெண்டும் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. சும்மா கிடக்கு."

"எந்த மடையன் இப்படி மாட்டினான்?"

திருமேனி ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான். எட்டு வருஷம் முன்னாடி மஞ்சள் ஒரு தடவை போச்சு. சிவப்பு போனதே இல்லை. அதனால புது விளக்கு எது வந்தாலும் இதுலயே மாட்டிட்டேன்."

குரு சிவப்பு ஒயரைத் தொட்டார். வெடுக்கென்று விரலை எடுத்தார்.

"சுடுதே."

"ஆமா சாமி."

"இது வாய்விட்டுச் சொல்லாதா?"

"சொல்லாது. ஒருநாள் எரிஞ்சுதான் போகும்."

குரு தன் விரலைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த துணிப்பையைப் பார்த்தார்.

திருமேனி பதினான்கு பதினான்காகப் பிரித்து மூன்று லைனிலும் மாட்டினார். மெயினைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது.

"ஐயையோ, இது ரசமா!" என்று அடுப்படியில் கோலப்பன் அலறினார்.

திருமேனி பையை எடுத்தார்.

"மாசிலாமணி!" என்று குரு கூப்பிட்டார்.

"என்ன செய்யணும் சாமி?" என்று திருமேனி திரும்பினார்.

"உன்னைக் கூப்பிடலை. உட்கார்."

கையைத் துடைத்துக்கொண்டே மாசிலாமணி ஓடிவந்தார். முகத்தில் ஒரே திகைப்பு.

"சாமி… என்னையா?"

"உன்னைத்தான். திருமேனிக்கு ஒரு இலை போட்டு, சோறு பரிமாறப்பா."